கருவிகளை எடுத்துவிட்ட கோப்பு: ஒன்பதாம் வகுப்பு வடிவியலில் ஜியோஜீப்ரா

ஒன்பதாம் வகுப்பின் செய்முறை வடிவியலில், முக்கோணத்தின் சுற்றுவட்ட மையத்தை வரையும் பகுதியைப் பல ஆண்டுகளாக நான் கரும்பலகையில்தான் நடத்தி வந்தேன். சாக்கட்டி செருகிய மரக் கவராயத்தால் வில்களை வெட்டி, மையக்குத்துக்கோடுகளை (பக்கத்தின் நடுப்புள்ளி வழியாக அதற்குச் செங்குத்தாகச் செல்லும் கோடுகளை) வரைந்து, அவை சந்திக்கும் புள்ளியை மையமாக வைத்து வட்டம் போட்டால், அது மூன்று முனைகளின் வழியாகவும் செல்லும். பலகையில் நான் வரையும் முக்கோணம் இடவசதிக்காக ஏறக்குறைய எப்போதும் குறுங்கோண முக்கோணமாகவே அமைந்துவிடும். விரிகோண முக்கோணம் வரைந்தால் மையம் பலகையின் விளிம்பைத் தாண்டிப் போய்விடுமோ என்ற அச்சம் எனக்கு இருந்தது. இந்தப் பழக்கத்தின் விளைவு விடைத்தாள்களில் தெரிந்தது. ஒரு கோணம் 120 பாகை உள்ள முக்கோணத்தைக் கொடுத்தால், மையக்குத்துக்கோட்டைச் சற்றே சாய்த்தாவது மையத்தை முக்கோணத்துக்குள் கொண்டுவந்துவிடுகிற மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருந்தார்கள். மையம் என்ற சொல்லே அவர்களுக்கு 'உள்ளே இருப்பது' என்று பதிந்துவிட்டது. அதை அப்படிப் பதித்தவள் நான்தான்.

தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய கணிதப் பாடநூல்களில், பாடங்களின் இறுதியில் 'இணையச் செயல்பாடு' என்ற பக்கத்தில் வடிவியல் படங்களைத் திரையில் வரைந்து நகர்த்திப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா மென்பொருளின் பயிற்சித் தாள்களுக்கான இணைப்பும் விரைவுத் துலங்கல் (QR) குறியீடும் அச்சிடப்பட்டிருப்பதை எல்லாக் கணித ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001, 2002ஆம் ஆண்டுகளில் தம் முதுநிலைப் பட்ட ஆய்வுக்காகத் தொடங்கிய மென்பொருள் அது. வகுப்பறைப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைப்பதாலும், இணையம் இல்லாமலேயே இயங்குவதாலும் நம்மைப் போன்ற பள்ளிகளுக்கு மிகவும் ஏற்றது. அதைக் கொண்டு சுற்றுவட்ட மையப் பகுதியை நடத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இந்தப் பதிவு அந்த முயற்சியில் என்னென்ன செய்தேன், எவை பிழைபட்டன, கோப்பை எப்படி மாற்றினேன் என்பதைப் பற்றியது.

முதலில் கணினிகளைப் பற்றி ஓரிரு செய்திகள். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் அப்போது இயங்கும் நிலையில் இருந்தவை எட்டு. இணைய வேகத்தை நம்பிப் பாடவேளையைத் திட்டமிட முடியாது என்பதால், ஜியோஜீப்ரா கிளாசிக் 5 என்ற பதிப்பின் பென்டிரைவிலிருந்தே இயங்கும் வடிவத்தை வீட்டில் பதிவிறக்கி எடுத்துச் சென்றேன். அதை நிறுவத் தேவையில்லை. எனவே நிர்வாகிக் கடவுச்சொல்லும் தேவையில்லை. கிளாசிக் 6 பார்வைக்குப் புதியது என்றாலும், நினைவகம் குறைந்த பழைய கணினிகளில் 5 தான் தடங்கலின்றி ஓடியது. எட்டுக் கணினிகளிலும் ஒரு கோப்புறையை நகலெடுத்துவிட்டு, பென்டிரைவைக் கழற்றிவிட்டேன். முதல் வாரத்தில் இதைச் செய்யாமல் பென்டிரைவிலேயே மாணவர்களைச் சேமிக்கச் சொன்னதால், ஒருவர் முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கி எடுத்தபோது இருவர் இருவராக வேலை செய்த மூன்று இணைகளின் உழைப்பு வெறும் பெயருள்ள காலிக் கோப்புகளாக மிஞ்சியது. அதன் பிறகு கணினியில் சேமித்து, மணி அடித்த பின் நானே நகலெடுத்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் பாடவேளை: அழகான படம், தவறான பாடம்

நான் முதலில் தயாரித்த கோப்பு பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. முக்கோணம் நீலத்தில், மையக்குத்துக்கோடுகள் விட்டுவிட்டுப் போகும் சிவப்புக் கோடுகளாக, சுற்றுவட்டம் பச்சையில். முனையைப் பிடித்து இழுத்தால் அனைத்தும் சேர்ந்து நகரும். புரொஜெக்டரில் அதைப் போட்டு, முனையை மெதுவாக இழுத்து, "இப்போது மையம் எங்கே போகிறது, பாருங்கள்" என்று விளக்கினேன். வகுப்பு முழுவதும் கண் இமைக்காமல் பார்த்தது. "புரிந்ததா?" என்ற கேள்விக்கு ஒரே குரலில் "புரிந்தது, டீச்சர்" என்று பதில் வந்தது. எனக்கும் மனநிறைவாக இருந்தது.

மறுநாள் தாளில் ஒரு விரிகோண முக்கோணத்தைக் கொடுத்து, எதையும் வரையாமல், சுற்றுவட்ட மையம் இருக்கக்கூடிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைக்கச் சொன்னேன். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முக்கோணத்துக்குள்ளேயே புள்ளியை வைத்திருந்தார்கள். முந்தைய நாள் மையம் வெளியே நகர்ந்ததை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்தாம். ஆனால் இழுத்தவள் நான், கேள்வி கேட்டவள் நான், விடையைக் காட்டியதும் திரை. மாணவர்கள் அந்த 45 நிமிடத்தில் எதையும் தாமாக முடிவு செய்ய வேண்டிய கட்டாயமே எழவில்லை. எதிர்பார்ப்பு ஒன்றை மனத்தில் வைத்திராதவருக்கு, கண்முன் நடப்பது அந்த எதிர்பார்ப்பிலிருந்து மாறுபட்டது என்றே தெரியாது.

எனவே மென்பொருளைத் தொடுவதற்கு முன் ஒரு தாளைத் தயாரித்தேன். அரைத் தாளில் மூன்று முக்கோணங்கள்: குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம். ஒவ்வொன்றிலும் மையம் இருக்கும் இடமாக மாணவர் நினைப்பதைப் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். ஏன் அப்படி நினைக்கிறார் என்று ஒரு வரி எழுத வேண்டும். இதைப் பேனாவால்தான் செய்ய வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தேன், ஏனெனில் பென்சிலால் வைத்த புள்ளிகள் திரையைப் பார்த்த மறுகணமே அழிரப்பரின் உதவியால் இடம் மாறிவிடுகின்றன. பிழையான ஊகத்துக்கு மதிப்பெண் குறையாது என்றும், ஊகமே இல்லாத தாளைத்தான் ஏற்கமாட்டேன் என்றும் சொன்னேன். இந்த ஒரு மாற்றம், நான் கோப்பில் செய்த எந்த அலங்காரத்தையும்விட அதிகமாக வகுப்பின் போக்கை மாற்றியது. முனையை இழுக்கும்போது எழும் ஒலியே வேறாக இருந்தது. முதல் நாளில் "ஆகா" என்ற வியப்பு மட்டும் வந்தது. இப்போது "அய்யோ, வெளியே போயிடுச்சு" என்று தன் தாளைப் பார்த்துச் சொல்லும் குரல்கள் வந்தன.

எட்டுக் கணினியும் முப்பத்திரண்டு பேரும்

வகுப்பில் 32 பேர். இருவருக்கு ஒரு கணினி என்றாலும் பதினாறு பேருக்குத்தான் இடம். ஆகவே வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி கணினியிலும் மறு பாதி அதே அறையின் நடுவில் போட்ட பெஞ்சுகளில் கவராயம், அளவுகோலுடன் தாளிலும் வேலை செய்து, இருபது நிமிடத்தில் இடம் மாறிக்கொள்ளும்படி அமைத்தேன். இது முதலில் வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு. ஆனால் அதே படத்தை இப்போதுதான் கையால் வரைந்துவிட்டு வந்த மாணவர், கணினியில் எந்தக் கருவியைத் தேடுவது என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார். இன்று எனக்கு முப்பத்திரண்டு கணினிகள் கிடைத்தாலும் இந்தப் பிரிப்பை மாற்றமாட்டேன்.

இருவர் சேர்ந்து உட்காரும்போது மவுஸ் ஒருவர் கையிலேயே தங்கிவிடும். தைரியமானவர் வரைவார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். இதைத் தடுக்க ஒரு விதி வைத்தோம்: மவுஸ் பிடித்திருப்பவர் தானாக எதையும் செய்யக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் வாயால் சொல்வதை மட்டுமே செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும். "இங்கே ஒரு கோடு போடு" என்று சொன்னால் போதாது என்பது விரைவிலேயே அவர்களுக்கே தெரிந்தது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று பெயர் சொல்லியாக வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, "ஏ மையம், பி வழியாப் போற வட்டம்" என்று தன் தோழிக்குக் கட்டளையிட்டதைக் கேட்டபோது நான் நின்றுவிட்டேன். வரைமுறையை, அதாவது வரையும் படிகளை, எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் நகராத பெண் அவள்.

இழுத்தால் உடையும் படம்

முதல் தடவை மாணவர்களை விருப்பம்போல் வரைய விட்டபோது, பலர் முக்கோணத்தைப் போட்டு, கண் அளவில் பக்கத்தின் நடுவே ஒரு புள்ளி வைத்து, அதன் வழியாக ஏறத்தாழச் செங்குத்தான ஒரு கோட்டையும் கண் அளவிலேயே இழுத்திருந்தார்கள். திரையில் அந்தப் படம் சரியான படத்திலிருந்து சற்றும் வேறுபட்டதாகத் தெரியவில்லை. தாளில் என்றால் நானும் சரி போட்டிருப்பேன். "இப்போது ஏ முனையை இழு" என்றேன். முக்கோணம் நகர்ந்தது, கோடு இருந்த இடத்திலேயே நின்றது.

வரைபடத்துக்கும் வரைமுறைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொற்களால் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமன்று. இந்த ஓர் இழுப்பு அதை நொடியில் காட்டிவிட்டது. இழுத்துப் பார்க்கும் இந்த வசதி ஜியோஜீப்ராவுக்கு மட்டும் உரியதன்று. 1980களின் பிற்பகுதியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் உருவான காப்ரி போன்ற இயங்கு வடிவியல் மென்பொருள்கள் தொடங்கிவைத்த வழி இது. படம் எந்தப் பண்பின் மேல் கட்டப்பட்டதோ அந்தப் பண்பு மட்டுமே இழுக்கும்போது நிலைத்திருக்கும்; தற்செயலாக அமைந்தவை அனைத்தும் கலைந்துவிடும். எங்கள் வகுப்பில் இதற்கு 'உலுக்கிப் பார்ப்பது' என்று பெயர் வந்துவிட்டது. உலுக்கினால் நிற்கும் படமே படம் என்று மாணவர்களே பேசிக்கொண்டார்கள்.

இதற்கு எதிர்மாறான ஒரு தொல்லையும் வந்தது. தாளில் மையக்குத்துக்கோட்டை வரைந்து முடித்ததும், வில்களை அழித்துவிட்டுச் சுத்தமான படத்தைக் காட்டுவது சிலரின் பழக்கம். அதே பழக்கத்தில் திரையிலும் துணை வட்டத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கும் விசையை அழுத்தினார்கள். வட்டத்தோடு சேர்ந்து வெட்டுப்புள்ளிகளும், அவற்றின் வழியாகச் சென்ற கோடும், அந்தக் கோட்டால் கிடைத்த மையமும், சுற்றுவட்டமும் ஒரே கணத்தில் மறைந்தன. ஒரு மாணவன் அழுதே விட்டான். முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதியால் படத்தை மீட்டுக் கொடுத்த பின், நீக்குவதற்குப் பதிலாக மறைக்கும் வழியைக் காட்டினேன். ஆனால் அதற்கு முன், எது போனதால் எது போனது என்பதைப் பலகையில் ஒரு மரம்போல அவர்களையே எழுதச் சொன்னேன். வட்டம் போனால் வெட்டுப்புள்ளி போகும்; வெட்டுப்புள்ளி போனால் கோடு போகும். ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருப்பது என்பதைத் தேற்ற நிரூபணங்களில் நான் இவ்வளவு தெளிவாக ஒருபோதும் சொன்னதில்லை.

90 என்று எழுதியும் 90 இல்லாத கோணம்

முக்கோணத்தின் வகையை அறிய, கோண அளவுகளைத் திரையில் காட்ட வேண்டியிருந்தது. இதில் மூன்று இடங்களில் இடறினோம். புதிதாக முயல்பவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, கோணத்தை அளக்கச் சொடுக்கும் புள்ளிகளின் வரிசை. ஜியோஜீப்ரா கோணத்தைக் கடிகார முள்ளின் எதிர்த்திசையில் அளக்கிறது. புள்ளிகளைத் தலைகீழ் வரிசையில் சொடுக்கினால் 60 பாகைக்குப் பதிலாக 300 பாகை என்ற பின்வளைகோணம் வந்து நிற்கும். கோணத்தின் பண்புகளில் 0 முதல் 180 பாகை வரை என்று வரையறுத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆயினும் முதல் நாளே அதை மாற்றி வைத்துவிடாமல், எங்கிருந்து 300 வந்தது என்று ஒரு முறை கேட்டுவிட்டு மாற்றுவது நல்லது.

இரண்டாவது, முழுதாக்கல். திரையில் தசமங்கள் நெருடலாக இருக்கின்றன என்று எண்ணி, முழு எண்ணாகக் காட்டும்படி அமைத்திருந்தேன். சிறிது நேரத்தில் ஓர் இணையிடமிருந்து குரல் எழுந்தது. "டீச்சர், இந்த முக்கோணத்துல நூத்தி எண்பத்தொண்ணு வருது!" பார்த்தால் 61, 60, 60. உண்மையான அளவுகள் 60.6, 59.7, 59.7 பாகைகள், கூட்டினால் சரியாக 180. ஒவ்வொன்றும் தனித்தனியே மேல்நோக்கி முழுதாக்கப்பட்டதால் ஒரு பாகை கூடிவிட்டது. கணினி பொய் சொல்லாது என்று நம்பியிருந்த பிள்ளைகளுக்கு இது பெரிய செய்தி. அன்றைய திட்டத்தை ஒதுக்கிவிட்டு, கூட்டல் 179 வரும்படி ஒரு முக்கோணத்தை உருவாக்கிக் காட்டச் சொன்னேன். பத்து நிமிடம் அதிலேயே சென்றது, வீணாகவில்லை.

மூன்றாவது இதன் தொடர்ச்சி. செங்கோண முக்கோணத்தில் சுற்றுவட்ட மையம் கர்ணத்தின் நடுப்புள்ளியில் அமையும். முனையை இழுத்து 90 என்று எழுத்து வந்ததும் நிறுத்திய மாணவர்கள், மையம் கர்ணத்துக்கு மிக அருகில் இருக்கிறது, ஆனால் கர்ணத்தின் மேல் இல்லை என்றார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் அது உண்மைதான். கோணம் 89.7 ஆக இருந்தாலும் எழுத்து 90 என்றே காட்டும். ஆனால் கோணத்தின் குறி அப்போதும் வளைந்த வில்லாகவே இருந்தது. சரியான 90 ஆக இருந்தால்தான் அது சிறு சதுரமாக மாறும். இந்த நுட்பத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு மாணவர், நான் அல்லேன். செங்கோணத்தை இழுத்துப் பிடிக்க முடியாது, வரைந்துதான் ஆக வேண்டும் என்று அவர்களே முடிவுக்கு வந்து, செங்குத்துக்கோடு வரைந்து முக்கோணத்தை மறுபடி கட்டினார்கள். அதன் பின் எந்தப் பக்கம் உலுக்கினாலும் மையம் கர்ணத்தை விட்டு அசையவில்லை.

விரிகோணத்தை 180 பாகையை நோக்கிக் கொண்டுபோகும்போது மையம் திரையை விட்டே ஓடிவிடுவதையும், அதைத் துரத்திக்கொண்டு படத்தைச் சிறிதாக்கிச் சிறிதாக்கிச் சென்ற மாணவர்கள், மூன்று முனைகளும் ஒரே நேர்க்கோட்டில் விழுந்தபோது மையக்குத்துக்கோடுகள் இணைகோடுகளாகிவிட்டதைக் கண்டு நின்றதையும் இங்கே குறித்துக்கொள்கிறேன். பலகையின் விளிம்பைத் தாண்டிவிடுமே என்று நான் இத்தனை ஆண்டுகள் தவிர்த்து வந்த முக்கோணம் அதுதான்.

பாதிக்கும் மேற்பட்ட ஆரம்

இந்தத் திட்டத்தில் நான் செய்தவற்றுள் பயன் மிகுந்தது, கோப்பிலிருந்து கருவிகளை நீக்கியதுதான். ஜியோஜீப்ராவில் மையக்குத்துக்கோட்டுக்கென ஒரு தனிக் கருவி உண்டு. இரண்டு புள்ளிகளைச் சொடுக்கினால் கோடு வந்துவிடும். நடுப்புள்ளிக்கும், மூன்று புள்ளிகளின் வழியாகச் செல்லும் வட்டத்துக்கும் அவ்வாறே. இவற்றைக் கையில் கொடுத்தால் மாணவர் மூன்று சொடுக்கில் சுற்றுவட்டத்தை வரைந்துவிட்டு, அடுத்தது என்ன என்று நிமிர்ந்து பார்ப்பார். எங்கள் பள்ளியின் மூத்த கணித ஆசிரியர் ஒருவர் தொடக்கத்திலேயே என்னிடம், "அம்மா, பொதுத்தேர்வில் பிள்ளைகளுக்குக் கவராயம்தான் கொடுப்பார்கள், மவுஸ் கொடுக்கமாட்டார்கள்" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை நான் கோப்பின் வடிவமைப்புக்குள்ளேயே கொண்டுவர விரும்பினேன்.

கிளாசிக் 5 பதிப்பில் கருவிகள் பட்டியலில், கருவிப்பட்டையைத் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் வசதி இருக்கிறது. வேண்டாத கருவிகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டுச் சேமித்தால், அந்தக் கோப்பை யார் திறந்தாலும் மிஞ்சியவை மட்டுமே தெரியும். நான் விட்டுவைத்தவை: நகர்த்தும் கருவி, புள்ளி, வெட்டுப்புள்ளி, கோடு, பலகோணம், மையமும் ஒரு புள்ளியும் கொண்டு வரையும் வட்டம், மையமும் ஆர அளவும் கொண்டு வரையும் வட்டம், காட்டு–மறை. ஏறத்தாழ ஒரு கவராயமும் அளவுகோலும் மட்டும்.

மாணவர்கள் தாளில் செய்வதையே திரையில் செய்யத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் ஆர அளவைக் கேட்கும் வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஏ முனையில் 3, பி முனையில் 3 என்று கொடுத்தார்கள். வட்டங்கள் இரண்டு இடங்களில் வெட்டின, வெட்டுப்புள்ளிகளை இணைத்தார்கள், மையக்குத்துக்கோடு கிடைத்தது. வழக்கம்போல உலுக்கிப் பார்த்தார்கள். ஏபி பக்கம் 4, 5 என்று நீளும்வரை எல்லாம் சரியாக இருந்தது. 6ஐத் தாண்டியதும் கோடு காணாமல் போயிற்று. முனையை உள்ளே கொண்டுவந்தால் மீண்டும் தோன்றியது.

"கோப்பு கெட்டுப்போச்சு டீச்சர்" என்றான் ஒருவன். அவன் அருகில் உட்கார்ந்து, மறைத்து வைத்திருந்த இரு வட்டங்களையும் காட்டச் சொன்னேன். பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. அவன் முனையை முன்னும் பின்னும் சில தடவை நகர்த்தினான். வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுவதும், ஒரு புள்ளியில் மட்டும் தொடுவதும், பிரிவதும் தெரிந்தன. "மூணும் மூணும் ஆறு. அதுக்கு மேல போனா ரெண்டும் எட்டாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சற்று நேரம் கழித்து, பாடநூலைப் புரட்டி ஒரு வரியின் மேல் விரலை வைத்தான்: ஏபியின் நீளத்தில் பாதிக்கும் மேற்பட்ட ஆரம்.

அந்தத் தொடரை நான் எத்தனை முறை பலகையில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அதை எழுதாத மாணவருக்கு அரை மதிப்பெண் குறைத்தும் இருக்கிறேன். ஆனால் 'பாதிக்கும் மேற்பட்ட' என்ற சொற்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்று ஒரு மாணவரும் என்னைக் கேட்டதில்லை, கேட்கும் சூழலை நானும் உருவாக்கியதில்லை. தாளில் கவராயத்தைப் போதிய அளவு விரித்து வைத்துக்கொள்வது கைப்பழக்கமாகிவிடுவதால் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. மையக்குத்துக்கோட்டுக் கருவி அந்தக் கோப்பில் இருந்திருந்தால் திரையிலும் எழுந்திருக்காது. எந்த நீளத்துக்கும் உடையாத கோடு வேண்டும் என்றால் என்ன செய்வது என்ற அடுத்த கேள்விக்கு, ஏ மையமாக பி வழியே ஒரு வட்டமும், பி மையமாக ஏ வழியே மற்றொரு வட்டமும் வரைந்தால் ஆரம் எப்போதும் பக்கத்தின் முழு நீளமாகவே இருக்கும் என்று இரண்டு இணைகள் தாமாகவே கண்டுபிடித்தார்கள்.

மாணவர்களின் கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கும்போது, வரைந்த படிகளை வரிசைப்படி ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டும் வசதி பெரிதும் உதவியது. முடிந்த படத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். படிகளை ஓட்டிப் பார்க்கும்போது, யார் மூன்று பக்கங்களுக்கும் மையக்குத்துக்கோடு வரைந்தார், யார் இரண்டே போதும் என்று கண்டுகொண்டார், யார் இறுதிவரை ஒரு புள்ளியைக் கண் அளவில் வைத்திருந்தார் என்பவை தெரிந்தன. விடைத்தாளில் எனக்கு ஒருபோதும் கிடைக்காத தகவல் இது. ஆனால் பதினாறு கோப்புகளை இப்படிப் பார்க்க ஒரு மாலை முழுவதும் ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாரமும் இதைச் செய்ய எந்த ஆசிரியராலும் இயலாது. நான் ஒரு பாடப்பகுதிக்கு ஒரு முறை மட்டும் செய்கிறேன்.

ஒரே கோட்டில் மூன்று

இதே வழியில் நடுக்கோட்டு மையத்தையும் (முனைகளை எதிர்ப்பக்க நடுப்புள்ளிகளோடு இணைக்கும் கோடுகள் சந்திக்கும் புள்ளி) செங்கோட்டு மையத்தையும் (முனைகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் செங்குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி) வரைந்து முடித்த பின், மூன்று மையங்களையும் ஒரே முக்கோணத்தில் வரையச் சொன்னேன். திரை கோடுகளால் நிறைந்துவிட்டதால், துணைக்கோடுகளை மறைத்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த மூன்று புள்ளிகளும் எப்போதும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் இருக்க நான் மிகவும் முயன்றேன். இரண்டாவது பாடவேளையின் பாதியில், பின் வரிசைக் கணினியிலிருந்து ஒரு மாணவி கை உயர்த்தி, "டீச்சர், இதுங்க வரிசையாவே போகுது" என்றாள். தற்செயலாக இருக்கலாம் என்றேன். உலுக்கிப் பார்த்தாள். இரண்டு புள்ளிகளின் வழியாக ஒரு கோடு வரைந்துவிட்டு மறுபடி உலுக்கினாள். மூன்றாவது புள்ளி கோட்டை விட்டு அகலவில்லை.

18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆய்லர் கண்டறிந்த உண்மை இது என்றும், அந்தக் கோட்டுக்கு அவர் பெயரே வழங்குகிறது என்றும் அதன் பிறகே சொன்னேன். செங்கோட்டு மையத்துக்கும் நடுக்கோட்டு மையத்துக்கும் இடைப்பட்ட தூரம், நடுக்கோட்டு மையத்துக்கும் சுற்றுவட்ட மையத்துக்கும் இடைப்பட்ட தூரத்தைப்போல இரு மடங்கு என்பதை அளந்து பார்த்துக்கொண்டார்கள். சமபக்க முக்கோணத்தில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கோடே இல்லாமல் போவதைக் கண்டுபிடித்தவர்கள் வேறு இருவர். அப்படியானால் உள்வட்ட மையமும் (கோண இருசமவெட்டிகள் சந்திக்கும் புள்ளி) அந்தக் கோட்டில் இருக்குமா என்று கேட்டார்கள். ஊகத்தைப் பேனாவால் எழுதி வைக்கச் சொன்னேன். இருசமபக்க முக்கோணத்தில் மட்டும் அது கோட்டில் வந்து நிற்கிறது, மற்றவற்றில் விலகிவிடுகிறது என்று அடுத்த வாரம் கண்டார்கள். பேனா ஊகங்களில் ஏறக்குறைய எல்லாமே பிழை, அதைப் பற்றி யாரும் வருந்தவில்லை.

அளந்து பார்ப்பது நிரூபணம் ஆகாது என்பதை இந்த வயதில் எவ்வளவு அழுத்திச் சொல்வது என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. நூறு முறை உலுக்கியும் நிற்கிறது என்பது மாணவர்களுக்கு உறுதியான சான்றாகவே படுகிறது, "இனி எதுக்கு டீச்சர் நிரூபிக்கணும்?" என்று கேட்கவும் கேட்டார்கள். 61, 60, 60 என்று திரை காட்டிய நாளை நினைவூட்டினேன். சிலருக்கு அது போதுமானதாக இருந்தது, எல்லோருக்கும் இல்லை.

பருவத் தேர்வில் விரிகோண முக்கோணத்துக்குச் சுற்றுவட்டம் வரையும் வினா வந்தபோது, மையத்தை உள்ளே இழுத்து வைத்திருந்த தாள்கள் இரண்டுதான். கவராயத்தைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் கோடுகள் ஒன்று சேராத தாள்கள் அதைவிட அதிகம். அந்தக் குறைக்குக் கணினியில் மருந்தில்லை, தாளில் பயிற்சிதான் வேண்டும் என்பதால் அடுத்த ஆண்டு பெஞ்சு வேலைக்கு இருபது நிமிடத்துக்குப் பதில் இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன்.

இப்போது பத்தாம் வகுப்புக்காக, வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையும் பகுதிக்கு ஒரு கோப்பைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். தொடுகோடு வரையும் கருவியை முதலில் நீக்கிவிட்டேன். நடுப்புள்ளிக் கருவியை நீக்குவதா, விட்டுவைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அதைக் கையால் கட்டியவர்கள் அதே பிள்ளைகள்தாம் என்பதால், இந்த முறை விட்டுவைக்கலாம் என்று தோன்றுகிறது.